கேரவன் வாங்கி ஆறு மாதம் ஆகிறது, விற்றுவிடலாமா?

கேள்வி: மதுரை ஆனையூரில் இருக்கிறோம். எனக்கு வயது 58. என் வீட்டுக்காரர் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, பேரப்பிள்ளைகளோடு ஊர் ஊராகப் போகவேண்டும் என்ற ஆசையில் 65 லட்ச ரூபாய்க்கு ஒரு சொகுசு கேரவன் கட்டி வாங்கினார். படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை, ஒரு டன் ஏசி, 150 ஏஎச் பேட்டரி இரண்டு, இன்வெர்ட்டர், ஜெனரேட்டர் எல்லாம் உண்டு. முதலில் ராமேஸ்வரம் போனோம். ராத்திரி முழுக்க ஏசி ஓடும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், இரண்டு மணி நேரத்தில் நின்றுவிட்டது. அப்புறம் ஜெனரேட்டரைப் போட்டுத் தூங்கினோம். லேசாகப் புகை வாடை வந்ததால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தோம். காலையில் எனக்கும் பேத்திக்கும் தலைவலி, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போல. அடுத்து கொடைக்கானல். மழையில் கூரை ஒழுகி மெத்தை நனைந்துவிட்டது. இறங்கும்போது பிரேக்கில் கருகல் வாடை. கழிப்பறை நாற்றம் இரண்டு பயணத்திலும் போகவே இல்லை. கட்டிக்கொடுத்தவர்கள் வேறு மாவட்டத்தில் இருக்கிறார்கள். போன் செய்தால் "வண்டியைக் கொண்டு வாங்க, பாத்துக்கலாம்" என்கிறார்கள். இவர் வெறுத்துப்போய் விற்றுவிடலாம் என்கிறார். வாங்கியதே தப்பா?

பதில்: அம்மா, வணக்கம். ஒழுகிய கூரையையும் நனைந்த மெத்தையையும் பற்றித்தான் அதிகம் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். நடுவில் ஜெனரேட்டர் புகையையும் மறுநாள் தலைவலியையும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். கேரவன்களின் மின்சார வேலைகளையும் பழுதுகளையும் பார்ப்பது என் தொழில். உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது அந்த இடம்தான். எனவே மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அதைப் பேசிவிடுவோம்.

அந்தத் தலைவலிக்கு வெயில் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நீங்கள் உணர்ந்த வாடை புகையில் உள்ள மற்ற பொருள்களுடையது. வாடை உள்ளே வந்திருக்கிறது என்றால் இந்த வாயுவும் கூடவே வந்திருக்கும். வாடை வராத நாளிலும் இது வரலாம். தலைவலி, குமட்டல், மயக்கம் என்று ஆரம்பிக்கும். தூக்கத்தில் இருப்பவருக்கு அதுகூடத் தெரியாது. 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரை அருகே சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. அதுவும் கேரவன்தான், அங்கேயும் உள்ளே படுத்தவர்கள் நம்பித்தான் படுத்தார்கள்.

ஜன்னலைத் திறந்து வைத்தது உங்களைக் காப்பாற்றியிருக்கலாம், நிலைமையை மோசமாக்கியும் இருக்கலாம். சைலன்சர் வாய் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தால் புகை நேராக உள்ளே வரும். வண்டியைச் சுவரை ஒட்டியோ இன்னொரு வண்டிக்குப் பக்கத்திலோ நிறுத்தினால், வெளியே போன புகை முட்டித் திரும்பும். ஆகவே ஜன்னலை நம்பக்கூடாது.

செய்ய வேண்டியது இதுதான். இன்றிலிருந்து ஆள் தூங்கும்போது ஜெனரேட்டர் ஓடக்கூடாது, பழுது பார்த்த பிறகும் கூடாது. வண்டியின் எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்குவதற்கும் இதே விதிதான். ஜெனரேட்டர் இருக்கும் பெட்டிக்கும் உள்ளறைக்கும் நடுவே ஒயர், தண்ணீர்க் குழாய் போக ஓட்டை போட்டிருப்பார்கள். அந்த ஓட்டைகளைச் சுற்றி இடைவெளி விடாமல் அடைத்திருக்கிறார்களா என்று தரையில் படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். சைலன்சர் குழாய் வண்டியின் அடியிலேயே முடிந்துவிடாமல் வெளி விளிம்பைத் தாண்டி நீட்டியிருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கிப் படுக்கைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். 65 லட்ச ரூபாய் வண்டியில் அதை வைக்காமல் கொடுத்தவர்கள் மேல் எனக்கு வருத்தம்தான். அலாரத்துக்கும் காலாவதித் தேதி உண்டு, பார்த்து வாங்குங்கள். கொடைக்கானல் குளிருக்கு அனல் வேண்டும் என்று கரி அடுப்பை உள்ளே கொண்டுபோகும் பழக்கமும் கூடவே கூடாது. அதிலிருந்து வருவதும் இதே வாயுதான்.

சரி, ஜெனரேட்டரைப் போடும் நிலைமையே ஏன் வந்தது? பேட்டரி இரண்டு மணி நேரத்தில் இறங்கியதால். அது பழுது இல்லை அம்மா, கணக்கு. இ.பி. பில்லில் வரும் யூனிட்டிலேயே போட்டுப் பார்ப்போம். 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரி முழு சார்ஜில் வைத்திருப்பது 1.8 யூனிட். இரண்டும் சேர்ந்தால் 3.6. உங்களுடையது வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் டியூபுலர் வகை என்றால், பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். ஆக, எடுத்துப் பயன்படுத்தக் கூடியது 1.8 யூனிட். இன்வெர்ட்டரிலும் ஒயரிலும் கொஞ்சம் வீணாகும். கையில் நிற்பது ஒன்றரை யூனிட் சொச்சம். ஒரு டன் ஏசி கம்ப்ரசர் ஓடும்போது ஏறக்குறைய ஒரு கிலோவாட் இழுக்கும், அதாவது மணிக்கு ஒரு யூனிட். ராமேஸ்வரத்துப் புழுக்கத்தில் கம்ப்ரசர் ஓய்வே எடுத்திருக்காது. இரண்டு மணி நேரம் ஓடியதே அதிகம். இரவு முழுக்க ஓடும் என்று சொன்னவர் இந்தக் கணக்கைப் போடவில்லை, அல்லது போட்டும் சொல்லவில்லை.

இன்னொன்றும் நடந்திருக்கும். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போக மூன்று, மூன்றரை மணி நேரம். போகும் வழியில் எஞ்சின் சார்ஜ் ஏற்றிவிடும் என்று நினைத்திருப்பீர்கள். இந்த வகை பேட்டரி மெதுவாகத்தான் குடிக்கும். காலியாக இருந்தால் அந்த நேரத்தில் முழுசாக ஏறாது. எனவே கிளம்புவதற்கு முதல் நாள் இரவு வீட்டு கரண்டில் போட்டு முழுசாக ஏற்றிவிடுங்கள். அதற்கு 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் வேண்டும். அதில் எர்த் ஒழுங்காக இருக்க வேண்டும், 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் தானே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச், இருக்க வேண்டும். டேபிள் ஃபேனுக்குப் போடும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்து மாட்டாதீர்கள். தடித்த ஒயராக இருந்தாலும் சுருளை முழுக்கப் பிரித்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். சுருட்டி வைத்த ஒயர் சூடாகி உருகும்.

லித்தியம் பேட்டரிக்கு மாறலாமா என்று உங்கள் வீட்டுக்காரர் நிச்சயம் கேட்பார். மாறலாம், நல்ல பொருள்தான். எடை குறைவு, 80 சதவீதத்துக்கு மேல் தயங்காமல் எடுக்கலாம். ஆனால் பழையதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இதை மாட்டினால் போதாது. இது சார்ஜை வேகமாக இழுக்கும், எஞ்சினிலிருந்து சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கெட்டுப்போகலாம். அந்த இழுப்பைக் கட்டுப்படுத்த நடுவில் டிசி-டிசி சார்ஜர் என்ற கருவி வேண்டும். இன்வெர்ட்டர் சார்ஜரும் லித்தியத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். எட்டு மணி நேரம் ஏசி ஓடவேண்டும் என்றால், கம்ப்ரசர் இடையிடையே ஓய்வெடுத்தால்கூட ஆறு யூனிட்டுக்குக் குறையாமல் சேமிப்பு வேண்டும், செலவும் அதற்குத் தகுந்தபடி லட்சங்களில் போகும். கூரையில் 400 வாட் சோலார் போட்டால் நம் ஊர் வெயிலுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட் அளவுக்கு வரும். விளக்கு, ஃபேன், சின்ன ஃபிரிட்ஜுக்கு அது நன்றாகக் காணும், ஏசிக்குக் காணாது.

நான் உங்களுக்குச் சொல்வது வேறு வழி. வெக்கையான ஊரில் இரவு தங்கினால் கரண்ட் கொடுக்கும் இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். வண்டி நிறுத்த இடமும் 16 ஆம்பியர் பாயின்ட்டும் இருக்கிறதா என்று லாட்ஜில் முன்கூட்டியே போனில் கேட்டுவிடலாம். சொந்தக்காரர் வீட்டு வாசலும் உதவும். கரண்ட் கிடைக்காத இடத்தில் ஏசியை மறந்துவிட்டு 12 வோல்ட் ஃபேன் இரண்டை ஓடவிடுங்கள். ஒரு ஃபேன் இரவு முழுக்க ஓடினாலும் கால் யூனிட்டைத் தாண்டாது.

பேட்டரி எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். டியூபுலர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். கட்டிலுக்கடியில் மூடி வைத்திருந்தால் அந்த வாயு வெளியே போக வழி இருக்க வேண்டும். பேட்டரி முனைகளில் ஒயரை மாட்டும் லக்குகளை ஒரு நல்ல எலெக்ட்ரீஷியனிடம் காட்டி முறுக்கச் சொல்லுங்கள். ஏசி ஓடும்போது 12 வோல்ட் பக்கத்தில் 90 ஆம்பியர் வரை பாயும். அந்த இடத்தில் ஒரு நட்டு தளர்ந்திருந்தாலும் தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடாகும்.

இப்போது கூரைக்கு வருவோம். இது முழுக்கக் கட்டிக்கொடுத்தவர்களின் பொறுப்பு. பெரும்பாலும் ஏசிக்காகவும் காற்றுப் போக்கிக்காகவும் கூரையில் வெட்டிய இடத்தில்தான் ஒழுகும். ஆனால் தண்ணீர் ஓரிடத்தில் புகுந்து, தகட்டுக்கும் உள் பலகைக்கும் நடுவே ஓடி, வேறோர் இடத்தில் சொட்டும். மெத்தைக்கு நேர் மேலே ஓட்டையைத் தேடிப் பயனில்லை. ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்காரட்டும். இன்னொருவர் வெளியே ஹோஸ் குழாயால் தண்ணீர் விடட்டும், கீழிருந்து மேலாக, ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் நிறுத்தி. எந்த இடத்தில் விடும்போது உள்ளே ஈரம் வருகிறதோ அதைக் குறித்துக்கொண்டு படம் எடுங்கள்.

பக்கத்துக் கடையில் ஓட்டை அடைக்கும் சிலிக்கான் பசை வாங்கி நீங்களே பூசிவிடாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சிலிக்கான் ஒட்டிய இடத்தில் அப்புறம் வேறு எந்தச் சீலன்ட்டும் சரியாக ஒட்டாது, சுரண்டி எடுப்பதே பெரிய வேலை. கட்டியவர்களும் "நீங்க கைவைச்சிட்டீங்க" என்று நழுவ அது ஒரு சாக்கு ஆகிவிடும். வேலை முடியும்வரை நல்ல தார்பாய் போட்டு மூடி வையுங்கள். நனைந்த பலகையை மின்விசிறி போட்டுக் காயவிடுங்கள், ஈரத்தோடு விட்டால் பலகை உப்பிவிடும். ஐப்பசி மழைக்கு முன்னால் இந்த வேலை முடிந்தாக வேண்டும்.

போனில் பேசுவதை நிறுத்துங்கள். எல்லாக் குறைகளையும் ஒரே கடிதமாக எழுதி, படங்களோடு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். என்ன செய்து தருவார்கள், எத்தனை நாளில், வண்டியைக் கொண்டுபோய் வரும் செலவு யாருடையது என்று எழுத்தில் கேளுங்கள். கேரவனில் உத்தரவாதம் ஒன்றாக இருக்காது. எஞ்சினும் பிரேக்கும் சேஸி, அதாவது அடிப்படை வண்டி, தயாரித்த நிறுவனத்தின் பொறுப்பு, அதற்கு மதுரையிலேயே சர்வீஸ் கிடைக்கும். கூரையும் தச்சுவேலையும் கட்டியவர்களுடையவை. ஏசி, இன்வெர்ட்டர், ஜெனரேட்டர், பம்பு ஒவ்வொன்றுக்கும் தனி அட்டை. அந்த அட்டைகளும் பில்களும் உங்கள் கைக்கு வந்தனவா? பல இடங்களில் கட்டியவர்களிடமே தங்கிவிடும். வாங்கி ஒரே ஃபைலில் போடுங்கள். இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதியலாம். வழக்கு என்று போனால், நீங்கள் குடியிருக்கும் இடத்தை வைத்தே புகார் கொடுக்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் மாவட்ட ஆணையத்துக்குப் பதில் மாநில ஆணையம்தான் விசாரிக்கும். அந்த அளவுக்குப் போகாமலே முடிய வேண்டும் என்பதுதான் என் விருப்பம். எழுத்தில் கேட்டாலே பாதிப் பேர் வழிக்கு வருவார்கள்.

பிரேக் கருகல் வாடை இரண்டு விதத்தில் வரும். ஒன்று ஓட்டும் முறை. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கிருந்து பெருமாள்மலை, டம்டம் பாறை வழியாகக் காட்ரோடு வரும்வரை இறக்கம்தான். காரில் இறங்குவதுபோல் மேல் கியரில் விட்டு பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வந்தால் லைனிங் சூடேறி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரிலோ அதற்கும் கீழான கியரிலோ இறங்க வேண்டும். பிரேக்கை அழுத்தி மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை எடுத்துவிட வேண்டும். வாடை வந்தால் ஓரம் கட்டி நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக்கூடாது. ஒருமுறை கருகியதால் லைனிங்கைக் கழற்றிப் பார்த்து பிரேக் ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது காரணம் எடை. இதை யாரும் பார்ப்பதே இல்லை. ஆர்சி புத்தகத்தில் வண்டியின் மொத்த எடை வரம்பு போட்டிருக்கும். பயணத்துக்குக் கிளம்புவதுபோலவே டேங்க் நிறையத் தண்ணீர், டீசல், சாமான், ஆட்கள் எல்லாவற்றோடும் ஒரு எடை மேடைக்குப் போங்கள். முழு வண்டியை ஒருமுறையும், பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒருமுறையும் எடை போடுங்கள். கிரானைட் மேடை, கனமான பலகை, பெரிய பேட்டரி என்று சொகுசு கூடக்கூட வரம்பைத் தாண்டிய வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. 200 லிட்டர் டேங்கை மதுரையில் நிரப்பி மலைக்கு ஏற்றுவது இரண்டு மூட்டை நெல்லுக்கு மேல் ஏற்றிப்போவது போல. கால் டேங்க்கோடு ஏறி மேலே போய் நிரப்பிக்கொள்ளுங்கள். டயர் காற்றையும் இந்த எடையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும், காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது. மலைக்குப் போகும்போது இ-பாஸ் மறக்காமல் எடுங்கள்.

கழிப்பறை நாற்றத்துக்குப் பெரும்பாலும் தண்ணீர் போதாததுதான் காரணம். மிச்சம் பிடிக்கிறோம் என்று கொஞ்சமாக ஊற்றுவார்கள், டேங்கில் கெட்டியாகத் தங்கிவிடும். காலியான டேங்கில் முதலில் சில லிட்டர் தண்ணீர் விட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள். வெளியேற்றும் வால்வை டேங்க் நிறையும்வரை மூடியே வையுங்கள். பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் வேண்டாம், ரப்பர் வளையங்களைத் தின்றுவிடும், இதற்கென்று விற்கும் திரவம் போதும். குளிக்கும் இடத்துத் தரைத் துளையின் வளைவுக் குழாயில் தண்ணீர் வற்றினாலும் அங்கிருந்து நாற்றம் ஏறும், ஒரு செம்பு ஊற்றினால் நின்றுவிடும். டேங்கை வீட்டு செப்டிக் டேங்கிலோ பாதாளச் சாக்கடையிலோதான் கொட்ட வேண்டும். கண்மாயிலும் வைகையிலும் திறந்துவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். நீங்கள் அப்படிச் செய்யமாட்டீர்கள் என்று தெரியும்.

வாங்கியது தப்பா என்று கேட்டீர்கள். தப்பு இல்லை. பழகுவதற்கு முன்பே தூரமாகப் போய்விட்டீர்கள், அவ்வளவுதான். ஜெனரேட்டர், கூரை, பிரேக் மூன்றும் சரியானதும் முதல் இரவை உங்கள் வீட்டு வாசலிலேயே வண்டிக்குள் கழியுங்கள். சமைத்து, குளித்து, கழிப்பறையைப் பயன்படுத்தி, பிளக்கைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். என்ன இல்லை, எது ஓடவில்லை என்பது அன்றே தெரிந்துவிடும், உள்ளே ஓடிப்போய் எடுத்துக்கொள்ளலாம். அடுத்து அழகர்கோயில் பக்கமோ வைகை அணைப் பக்கமோ ஒரு நாள். மலையும் கடலும் அதற்கு அப்புறம். வண்டியின் உயரத்தை அளந்து, அடியிலும் மீட்டரிலும் எழுதி ஸ்டியரிங் முன்னால் ஒட்டுங்கள். நம் ஊர் உள்தெருக்களில் கேபிள் ஒயரும், பழைய சாலைகளில் புளியங்கிளையும், கிராமத்து நுழைவு வளைவும் கூரை ஏசியைப் பிடுங்கிவிடும். ராமேஸ்வரம் போய் வந்தால் வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்புக் காற்று விடாது.

ஒரு காரியத்தை நீங்கள் செய்ய வேண்டும் அம்மா. மெயின் சுவிட்ச், கேஸ் வால்வு, ஜெனரேட்டர் நிறுத்தும் பொத்தான், தண்ணீர் பம்பு சுவிட்ச் நான்கும் எங்கே என்று உங்கள் கையால் தொட்டுப் பழகுங்கள். நடு இரவில் எல்லாவற்றையும் சார் ஒருவரே பார்க்க வேண்டியிருந்தால் அவருக்கு வெறுத்துத்தான் போகும். ராத்திரி குழாய் எல்லாம் மூடியிருக்கும்போது பம்பு தானாக விட்டுவிட்டு ஓடினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அதை முதலில் கேட்பது நீங்களாகக்கூட இருக்கலாம்.

விற்பதைப் பற்றி ஒரு வருடம் கழித்து யோசியுங்கள். இந்த நிலையில் விற்றால் விலை பாதிக்குப் போகும். தவிர, அந்த ஜெனரேட்டரைச் சரிசெய்யாமல் இன்னொரு குடும்பத்தின் கையில் கொடுக்க உங்களுக்கு மனசு வராது. இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது, உள்ளே செய்த வேலையின் மதிப்பும் பாலிசியில் சேர்ந்திருக்கிறதா, ஆர்சியில் வண்டி கேரவனாகத்தான் பதிவாகியிருக்கிறதா என்று இரண்டையும் பார்த்துவிடுங்கள். சேஸியின் விலைக்கு மட்டும் பாலிசி இருந்தால் நாளைக்கு ஏதாவது என்றால் மிச்சப் பணம் வராது. பேட்டரியின் லேபிளையும் ஜெனரேட்டர் பெட்டியின் உட்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பினால், எந்த ஓட்டையை எப்படி அடைக்கலாம் என்று அடையாளம் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.